தெர்மோஸ்டாட் அட்டவணை சொன்ன சொல் கேட்கவில்லையா? கேள்வி பதில்

தொடங்க முதல் ஒன்று. தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவர்ப் பெட்டி) வயரைத் தொட முதல் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) சுவிட்சை நிப்பாட்டுங்கோ. பேஸ்மென்ட்டில் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் சாதாரண லைட் சுவிட்ச் மாதிரி இருக்கும். அது கிடைக்காவிட்டால் பிரேக்கர். மின்சாரம் கொண்டுவரும் ஆர் (R) வயர், அது திரும்பிப் போகும் சி (C) வயரில் ஒரு கணம் பட்டாலே ஃபர்னஸ் போர்டில் உள்ள ஃபியூஸ் போய்விடும். இனி ஊர்ப் பேரைச் சொல்லிக் கேளுங்கோ.

ஸ்காபரோ: அண்ணை, காலை 6:30க்கு 21 பாகை என்று போட்டிருக்கிறன். 5:15க்கே ஃபர்னஸ் ஓடத் தொடங்குது. மணிக்கூடு பிழையோ?

மணிக்கூடு சரி. 6:30 என்பது வீடு 21ஐத் தொட வேண்டிய நேரம், ஃபர்னஸ் தொடங்கும் நேரம் இல்லை. ஈகோபீ கம்பனித் தெர்மோஸ்டாட்டில் இதற்குப் பெயர் ஸ்மார்ட் ரிகவரி, நெஸ்டில் ஏர்லி-ஆன், ஹனிவெல்லில் அடாப்டிவ் ரிகவரி. வெளியே குளிர் கூடக் கூட இன்னும் முந்தித் தொடங்கும். பிடிக்காவிட்டால் செட்டிங்ஸில் அதை நிப்பாட்டலாம். பிறகு 6:30க்கு எழும்பும்போது வீடு குளிருது என்று என்னிடம் வரக்கூடாது.

மார்க்கம்: எந்த அட்டவணை போட்டாலும் 23இலேயே நிக்குது.

ஹோல்ட். வீட்டில் ஆரோ திரையில் கூட்டி விட்டிருக்கினம், அது "நான் மாற்றும் வரை" என்று பிடித்துக்கொண்டு நிக்குது. ஹோல்டை ரத்துச் செய்துவிட்டு, பிரிஃபெரன்சஸில் ஹோல்ட் ஆக்‌ஷனை "அடுத்த அட்டவணை நேரம் வரை" என்று மாற்றுங்கோ. ஆர் தொட்டது என்ற விசாரணை உங்கட பாடு.

பிரம்ரன்: பழைய வீடு. தெர்மோஸ்டாட் இரவில் அணைந்து அணைந்து வருகுது, வைஃபையும் விடுபடுகுது. காலைச் சூடு சில நாளில் வருவதே இல்லை. சுவரில் நாலு வயர்தான்: ஆர், டபிள்யூ (W, சூடு), வை (Y, ஏசி), ஜி (G, ஃபேன்).

அட்டவணையில் பிழை இல்லை, சாப்பாடு இல்லை. தெர்மோஸ்டாட்டுக்குத் தொடர்ந்து 24 வோல்ட் கொடுப்பது ஆரும் சியும் சேர்ந்துதான். சி இல்லாதபோது சில தெர்மோஸ்டாட்கள் டபிள்யூ, வை வயர்கள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் உறிஞ்சி உள்பேட்டரியை ஏற்றும். அது போதாமல் போகும்போது முதலில் வைஃபை விழும், பிறகு திரை, பிறகு ஃபர்னஸைக் கூப்பிடும் சுவிட்சான ரிலே.

முதலில் பவரை நிப்பாட்டிவிட்டுத் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிச் சுவர் ஓட்டைக்குள் பாருங்கோ. பல வீடுகளில் ஐந்தாவது வயர், அநேகமாக நீலம், வெட்டப்படாமல் கேபிள் தோலைச் சுற்றி மடிந்து கிடக்கும். இருந்தால் அதிர்ஷ்டம். அதே வயரை ஃபர்னஸ் பக்கமும் தேடிப் பிடித்து, போர்டில் சி-யில் ஒரு நுனி, தெர்மோஸ்டாட்டின் சி-யில் மறு நுனி. ஃபர்னஸ் கதவை மூடிப் பவரைப் போட்டு, ஆருக்கும் சிக்கும் இடையில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அளவுங்கோ: 24 முதல் 28 வோல்ட் வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் கீழ்க் கதவைப் பாருங்கோ. அதற்குப் பின்னால் ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் உண்டு, கதவு சரியாக அமராவிட்டால் முழு ஃபர்னஸும் செத்த மாதிரிக் கிடக்கும்.

ஐந்தாவது வயர் இல்லையென்றால் பல ஈகோபீ மாடல்களின் பெட்டியோடு வரும் பவர் எக்ஸ்டெண்டர் கிட்டை ஃபர்னஸ் போர்டில் பூட்டுங்கோ. நெஸ்டுக்கு அதே வேலைக்குத் தனியாகப் பவர் கனெக்டர் விற்கிறார்கள். ஜி வயரைச் சி ஆக்கும் குறுக்கு வழியும் இருக்கு. ஆனால் ஃபேனைத் தனியாக ஓட்ட முடியாது. ஃபர்னஸ் பக்கம் வையையும் ஜியையும் ஒரு துண்டு வயரால் இணைக்க மறந்தால் கோடையில் ஃபேன் ஓடாமல் கம்ப்ரசர் மட்டும் ஓடிக் காயில் உறைஞ்சு போகும்.

நியூ ஜெர்சி: சார், ஹீட் பம்ப் (ஏசியே திருப்பி ஓடி ஹீட்டராவும் வேலை செய்யும்) வீடு. புது தெர்மோஸ்டாட் மாட்டினோம். ஹீட் போட்டா ஜில்லுன்னு காத்து வருது, கூல் போட்டா சூடா வருது.

ஓ/பி (O/B) செட்டிங் தலைகீழ். பெரும்பாலான கம்பனிகளில், சூடு குளிர் இரண்டையும் மாற்றிவிடும் ரிவர்சிங் வால்வுக்குக் குளிரூட்டும்போது மின்சாரம் போகும், அது ஓ. ரீம், ரூட் இரண்டிலும் வெப்பமூட்டும்போது போகும், அது பி. செட்டிங்கை மாற்றிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கோ, கம்ப்ரசர் உடனே திரும்ப ஓடாது. மற்றபடி, குளிர்காலத்தில் இடைக்கிடை சில நிமிடம் குளிர் காற்று வந்து வெளி யூனிட்டில் ஆவி பறந்தால் அது டீஃப்ரொஸ்ட், பிடித்த பனியை உருக்குது. பழுது இல்லை.

ஏஜக்ஸ்: இரவில் 21இலிருந்து 17க்கு இறக்கினால், காலையில் திரும்ப ஏற்றக் கூடக் காஸ் போகும், ஒரே அளவில் விடுறதுதான் லாபம் என்று மச்சான் சொல்றார்.

மச்சான் பிழை. வீடு வெப்பத்தை இழக்கும் வேகம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே சைபர் என்றால் 21இல் நிக்கும் வீட்டைவிட 17இல் நிக்கும் வீடு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இழக்கும். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு: நாளுக்கு 8 மணி நேரம் 7 முதல் 10 ஃபாரன்ஹீட் குறைத்தால் வருடத்தில் 10 வீதம் வரை மிச்சம்.

ஒட்டாவா: இடையில வாறன். நாங்கள் குறைச்ச மாசம் ஹைட்ரோ (கரண்ட்) பில் கூடினது. ஏஜக்ஸ்காரரின் மச்சான் சொல்றது சரி.

உங்களுடையது ஹீட் பம்ப்தானே?

ஒட்டாவா: ஓம்.

அப்ப உங்கட வீட்டில் மச்சான் சரி, காரணம் வேறு. ஹீட் பம்ப் ஒரு அலகு மின்சாரத்துக்கு மிதமான குளிரில் இரண்டு, மூன்று அலகு வெப்பம் தரும். காலையில் நாலு பாகையை ஒரேயடியாக ஏற்றச் சொன்னால் அதற்குக் கெதி போதாது என்று தெர்மோஸ்டாட் துணை ஹீட்டரைக் கூப்பிடும். அந்த மின்சார ஸ்ட்ரிப் ஒரு அலகுக்கு ஒரு அலகுதான் தரும். இரவு மிச்சம் பிடித்தது ஒரு மணி நேரத்தில் போய்விடும். இறக்கம் ஒரு பாகைக்கு மேல் வேண்டாம். த்ரெஷோல்ட் செட்டிங்கில் துணை ஹீட்டர் எந்த வெளிவெப்பநிலைக்குக் கீழே மட்டும் வரலாம் என்பதையும் இறக்கி வையுங்கோ.

ஏஜக்ஸ்: மச்சானிட்டைக் காட்டினன். சுவர், சோஃபா, தளம் எல்லாம் குளிர்ந்து போனால் அதையும் திரும்பச் சூடாக்க வேணுமே என்கிறார்.

வேணும். ஆனால் அவை குளிர்ந்தபோது விட்ட வெப்பம் எங்கே போனது? வீட்டுக்குள்தான் வந்தது, அந்த நேரம் ஃபர்னஸ் ஓடாமல் கிடந்தது அதனால்தான். கொடுத்த கடனைக் காலையில் திருப்பி எடுக்குது, வட்டி இல்லை. மச்சானின் வீட்டில் காஸ் ஃபர்னஸ் என்றால் இதோடு விடச் சொல்லுங்கோ.

விற்பி: காலையில சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி ஓடுது.

முதல் பதில்.

நோர்த் யோர்க்: கொண்டோ. நவம்பர் வெயிலில் அறை 26. கூல் போட்டும் வெறும் காற்றுத்தான்.

சூட்டுக்கும் குளிருக்கும் ஒரே குழாய்ச் சோடியைப் பாவிக்கும் இரண்டு குழாய்க் கட்டடமாக இருக்கும். முழுக் கட்டடத்தையும் வெந்நீருக்கு மாற்றியாச்சு, வசந்தம் வரை தெர்மோஸ்டாட்டால் ஒன்றும் ஏலாது. நிர்வாகத்திடம் கேளுங்கோ, யன்னலைத் திறவுங்கோ.

மொன்றியல்: பேஸ்போர்டு ஹீட்டருக்கு நெஸ்ட் பூட்டலாமோ? சுவரில் தடித்த வயர் இரண்டு.

வேண்டாம்! அது 240 வோல்ட். நெஸ்ட், ஈகோபீ எல்லாம் 24 வோல்ட் சாதனங்கள், நெருப்புப் பிடிக்கும். மைசா, சினோபே மாதிரி அதற்கென்றே செய்தவை இருக்கு. பிரேக்கரை நிப்பாட்டாமல் மூடியைக்கூடக் கழட்டாதேயுங்கோ.

மில்ரன்: தெர்மோஸ்டாட் 21 காட்டுது, மேல்மாடி அறை 18. இன்னொரு நாள் ஹோலே குளிருது, ஆனால் 22 காட்டுது.

இரண்டு விஷயம். ஈகோபீ என்றால் படுக்கையறையில் ஒரு சென்சர் வைத்து, ஸ்லீப் நேரத்துக்கு அதை மட்டும் டிக் பண்ணுங்கோ. ஹோல் சென்சரும் சேர்ந்தால் சராசரிதான் எடுக்கும். இரண்டாவது, பவரை நிப்பாட்டித் தெர்மோஸ்டாட்டைத் தட்டிலிருந்து இழுத்துவிட்டு, வயர் வரும் ஓட்டையில் ஈரக் கையை வையுங்கோ. காற்று அடிக்குதோ? சுவருக்குள்ளிருந்து வரும் காற்று நேராகச் சென்சரில் படுகுது. வெளிச்சுவர் என்றால் குளிர்ந்த காற்று, பக்கத்தில் சூட்டுக் குழாய் போனால் சுடு காற்று. களிமண் மாதிரியான அடைப்புப் புட்டியைக் (putty) கொஞ்சம் உருட்டி அடைத்துவிட்டுத் திரும்பப் பூட்டுங்கோ.

பிக்கரிங்: 22இலேயே நிக்குது, அட்டவணை...

ஹோல்ட். மார்க்கம் பதிலைப் பாருங்கோ.

டாலஸ்: கோடையில ஷெட்யூல் 76 ஃபாரன்ஹீட்டுன்னு இருந்தாலும் 74 வரைக்கும் போகுது.

ஈகோபீயில் ஏசி ஓவர்கூல் மேக்ஸ். ஈரப்பதத்தைக் குறைக்க, நீங்கள் சொன்ன அளவைவிடக் கீழே இறக்கும். பூச்சியமாக்குங்கோ.

பிரம்ரன்: அண்ணை, நீல வயர் இருந்தது! இரண்டு பக்கமும் பூட்டியாச்சு. இப்ப தெர்மோஸ்டாட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை.

பவரை நிப்பாட்டிவிட்டோ பூட்டினீங்கள்?

பிரம்ரன்: மேலே தெர்மோஸ்டாட்டை நிப்பாட்டினன்.

போர்டில் கார் ஃபியூஸ் மாதிரி ஒன்று இருக்கும். ஊதா என்றால் 3 ஆம்பியர், மண்ணிறம் என்றால் 5. அதே அளவு வாங்குங்கோ. இரண்டாக வாங்குங்கோ.