நாவலா, சினிமாவா? மார்த்தாண்டத்தில் கேட்ட கேள்விகள்

கேள்வி (களியக்காவிளை): அண்ணாச்சி, மலையாள எழுத்தாளர் பஷீரின் ‘மதிலுகள்’ நாவலில், ஜெயிலில் இருக்கும் நாயகன் மதிலுக்கு அப்பாலிருந்து பேசும் நாராயணியைக் காதலிக்கிறான், ஆனால் அவளைக் கடைசி வரை யாரும் பார்ப்பதில்லை. படத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: சமாளிக்கவில்லை, அப்படியே விட்டார்கள். கதை நடப்பது திருவனந்தபுரத்துப் பூஜப்புரை ஜெயிலில், நம்ம ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறை. அவள் வந்து நிற்கிறாள் என்பதற்கு அடையாளம், மேலே எறியும் ஒரு காய்ந்த சுள்ளி. படத்தை எடுத்த அடூர் கோபாலகிருஷ்ணனும் சுள்ளியையும் குரலையும் தாண்டி எதையும் தரவில்லை. எனக்கு ஒரே குறை, அது நடிகை கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல். மலையாளப் படம் பார்த்தே வளர்ந்த நமக்குக் குரல் கேட்டதும் முகம் வந்துவிடும். வாசிக்கும்போது எனக்கென்று ஒரு நாராயணி இருந்தாள். அவள் போய்விட்டாள்.

கேள்வி (குழித்துறை): ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ நாவலைப் படித்தபோது வந்த கலக்கம், அதிலிருந்து எடுத்த ‘நான் கடவுள்’ படத்தைப் பார்த்தபோது வரவில்லையே, ஏன்?

பதில்: நாவலில் உடற்குறை உள்ளவர்களைப் பிச்சைக்கு வாங்கி விற்கும் போத்திவேலு பண்டாரம் அசல் நம்ம ஊர்க் குடும்பஸ்தன். பெண் மக்களைக் கரையேற்ற வேண்டுமே என்று உருகுகிறவன். அதே வாயால் மனிதரை ‘உருப்படி’ என்கிறான். அவனை முழுதாக வெறுக்கவும் முடியாமல் நாம் திணறுவதில்தான் நாவல் இருக்கிறது. 2009இல் வந்த பாலாவின் படத்தில் அந்த இடத்தில் தாண்டவன், பார்த்ததுமே வில்லன். வில்லன் வந்தால் அவனை அடிக்க ஆள் வேண்டுமே? காசியிலிருந்து அகோரிச் சாமியார் ஒருவன் வருகிறான். நாவலில் அவன் கிடையாது. வசனம் எழுதியதும் ஜெயமோகன்தான், அதனால் புரியாமல் மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை.

கேள்வி (தக்கலை): பூமணியின் ‘வெக்கை’ நாவலில் மகன் கதை, அதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படத்தில் அப்பா கதை. எதற்கு?

பதில்: தனுஷ் அப்பா வேடத்தில் இருக்கிறார், பாதிக் காரணம் அதுதான். மீதி, நேரக் கணக்கு. நாவலில் மகன் சிதம்பரம், பகையாளியின் கையை வெட்டப் போய் ஆளையே கொன்றுவிடுகிறான். அப்புறம் அப்பாவும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவது, கிடைத்ததை ஆக்கித் தின்பது என்று நாவல் அவசரப்படாமல் போகும். 2019இல் வந்த படம் அந்த நேரத்தில் பெரும்பகுதியை எடுத்து அப்பாவின் பழைய கதைக்குக் கொடுத்துவிட்டது.

கேள்வி (அருமனை): நம்ம குமரி மாவட்டப் பேச்சு சினிமாவில் ஏன் மெலிந்துபோகிறது?

பதில்: புத்தகத்தில் புரியாத வரியைத் திரும்பப் படிக்கலாம். தியேட்டரில் வசனம் ஓடிவிடும்.

கேள்வி (திங்கள்சந்தை): சரி, படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா?

பதில்: பார்த்துவிட்டுப் படியுங்கள். படித்துவிட்டுப் போனால் ‘இது அதில் இல்லையே’ என்று பக்கத்து சீட்டில் முணுமுணுப்பீர்கள். என் வீட்டில் இதனாலேயே யாரும் என்னோடு படத்துக்கு வருவதில்லை.