ஒன்பது அங்குலக் கம்பி

அன்புள்ள ஐயா,

ஜோசஃப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ வாசித்து முடித்தேன். எந்த மனிதனுக்குள்ளும் இருட்டு உண்டு, காட்டுக்குள் போனால் வெளியே வந்துவிடும் என்கிறது நாவல். அப்படியானால் காலனிய ஆட்சியின் பழியை மனித இயல்பின் தலையில் கட்டிவிடலாமா? உறுத்துகிறது.

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உறுத்த வேண்டிய இடம்தான். ஆனால் அதற்கான மறுப்பு நாவலுக்குள்ளேயே இருக்கிறது. தந்தக் கம்பெனி ஒன்றுக்காக ஆப்பிரிக்க ஆற்றில் படகு செலுத்தும் மார்லோதான் கதை சொல்பவன். அவனுடைய நீராவிப் படகுக்குத் திரும்பிப் போங்கள்.

படகில் வேலை செய்யும் ஆப்பிரிக்கர்கள் முப்பது பேர். நரமாமிசம் உண்பவர்கள் என்கிறான் மார்லோ. வாரக் கூலி மூன்று பித்தளைக் கம்பித் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம். கரையோர ஊர்களில் அதைக் கொடுத்து உணவு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஊரே இல்லை, இருந்தால் பகை, அதுவும் இல்லாவிட்டால் படகை நிறுத்தக் கம்பெனி மேலாளருக்கு மனமில்லை. அவர்கள் கொண்டுவந்த நீர்யானை இறைச்சி நாறுகிறது என்று வெள்ளையர்கள் கணிசமான பகுதியை ஆற்றில் எறிந்துவிடுகிறார்கள். கம்பி மட்டும் வாரம் தவறாமல் வருகிறது.

பசித்தவர்கள் முப்பது, வெள்ளையர்கள் ஐந்து. ஒருவர் மேலும் அவர்கள் கை வைக்கவில்லை.

ஆற்றின் மேற்பகுதியில், கம்பெனிக்குத் தந்தம் சேர்க்கும் முகவன் குர்ட்ஸ். இசை, ஓவியம், பேச்சு எல்லாம் கைவந்தவன். காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிப்பது பற்றிப் பதினேழு பக்க அறிக்கை எழுதி, அடியில் ‘அந்த மிருகங்கள் அனைத்தையும் அழித்தொழியுங்கள்’ என்று கிறுக்கியவன். அவன் வீட்டின் முன் கம்பங்களில் மனிதத் தலைகள். இதைப் பார்த்த பிறகும் மேலாளரின் குறை என்ன தெரியுமா? முறை சரியில்லை, அந்த வட்டாரத்தில் வியாபாரம் கெட்டுவிட்டது என்பதுதான்!

காடு அந்த முப்பது பேருக்கும் குர்ட்ஸுக்கும் ஒன்றுதான். குர்ட்ஸுக்குத் துப்பாக்கி இருந்தது, தந்தம் கேட்கும் கம்பெனி இருந்தது, ஏன் என்று கேட்க ஆள் இல்லை. 1890-இல் கான்ராட் காங்கோ ஆற்றில் பயணம் செய்தபோது அந்த நாடு முழுவதும் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்த உடைமையாக இருந்தது. யாருடைய இருட்டுக்கு ஆயுதமும் அனுமதியும் கிடைத்தன என்றே நான் கேட்பேன்.

ஆனாலும் ஆப்பிரிக்கர்களை மனிதர்களாகவே காட்டவில்லை என்று 1975-இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி இந்த நாவல்மீது கொண்ட கோபத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்த முப்பது பேரில் ஒருவருக்கும் பெயர் இல்லை. அவர்களைத் தடுத்தது அச்சமா, அருவருப்பா, பொறுமையா என்று மார்லோ பக்கம் முழுக்க வியக்கிறான். அவர்களின் தலைவன் அருகிலேயே நிற்கிறான், பேசவும் செய்கிறான். அவனிடம் மார்லோ அதைக் கேட்கவே இல்லை.

அந்தப் பக்கங்களை மறுபடி வாசித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்