அம்மா கேட்டதை முதல் வரியில் எழுது

கேள்வி: நான் செரமிக் கலை கடைசி ஆண்டு மாணவி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். பாட்டியும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். அதை நினைத்து இறுதிக் கண்காட்சிக்கு, மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கக் கட்டும் கிண்ணங்களான மங்குகள் 150 செய்து, வெள்ளை மேசையில் வரிசையாக அடுக்கினேன். விரிவுரையாளர்கள் பாராட்டினார்கள். அம்மாவோ ஒன்றைக் கையில் எடுத்து உள்ளே விரலால் தடவி, “சொரசொரன்னு இருக்கே, கட்டிப்பால் எப்படி உரியும்?” என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. இப்போது கண்காட்சி பற்றி சுயமதிப்பீட்டுக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். எதை எழுதுவது? மங்குகள் பெட்டியில் கிடக்கின்றன. அப்பா, தொழிற்சாலையில் வேலை பார் என்கிறார்.
— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: மகளே, வருகையாளர் புத்தகத்தில் ‘அருமை’, ‘வாழ்த்துகள்’ என்று பக்கம் பக்கமாக இருக்கும். அவற்றை வைத்து ஒரு பத்திகூடத் தேறாது. அன்று அந்தக் கூடத்தில் இருந்த நிபுணர் உன் அம்மாதான். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், மரத்துக்கு மரம் நடந்து, முந்தின நாள் மங்குக்குள் உறைந்துபோன பாலை உருவிச் சாக்கில் போட்ட பிறகுதான் பட்டையில் வெட்டு விழும். ஒரு மங்கில் பால் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் கொஞ்ச நேரம்தான் போகும். நிரை முழுக்க அப்படியே ஒட்டினால் காலையே போய்விடும். அவர் விரல் உள்ளே போனது அந்தப் பழக்கத்தில்தான்.

பழைய பீங்கான் மங்குகளை எங்காவது பார்த்தால் எடுத்துத் தடவிப் பார். வெளியே எப்படி இருந்தாலும் உட்புறம் வழுவழுவென்று கிளேஸ், அதாவது சூட்டில் கண்ணாடி போல் ஆகும் பூச்சு, பூசியிருக்கும். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் சீனக் குயவர்கள் டிராகன் சூளைகளில் விறகு வைத்துச் சுட்டவை அவற்றில் பல. மேட்டுச் சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் சூளை அது. சிங்கப்பூர் ஜாலான் பஹாரில் 1940-இல் கட்டிய ஒன்று இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு அது கலைப்பொருள் இல்லை, எண்ணிக்கைக் கணக்கில் சுட்டு அனுப்பிய சரக்கு. ஆனாலும் பால் எதில் ஒட்டும், எதில் ஒட்டாது என்று தெரிந்து செய்தார்கள்.

நீ ஏன் உள்ளே கிளேஸ் பூசவில்லை? உன் கட்டுரை இங்கேதான் தொடங்க வேண்டும். மண்ணின் நிறம் தெரியட்டும் என்று விட்டிருந்தால் அப்படியே எழுது. அந்த நிறத்துக்காகப் பாலை மறந்துவிட்டாய் என்பதையும் சேர்த்து எழுது. தோட்டமெல்லாம் செம்பனை ஆகிவிட்டது, இனி இதில் பால் விழப்போவதில்லை, அதனால்தான் பால் உரியாத மங்கு என்று சொல்கிறாயா? நல்ல யோசனைதான். ஆனால் அது கண்காட்சிக்கு முன்னால் வந்ததா, அம்மா கேட்ட பிறகு வந்ததா? பின்னால் வந்ததை முன்னாலேயே வந்ததாக எழுதுவது கலை படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பழைய வியாதி. உனக்கு வேண்டாம்.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய். முதல் சூட்டோடு நிற்கும் மங்குகள் இருந்தால் சிலவற்றுக்கு உள்ளே கிளேஸ் பூசிச் சுடு. 1000 டிகிரி அளவில் சுட்ட மண் இன்னும் நீரை உறிஞ்சும், கிளேஸ் பிடித்துக்கொள்ளும். 1200-க்கு மேல் போய் இறுகிவிட்டவை என்றால் அவற்றோடு மல்லுக்கட்டாதே, புதிதாகச் செய்துவிடு. மலேசிய ரப்பரில் பெரும்பகுதி இன்று சிறுதோட்டக்காரர்களிடம் இருந்துதான் வருகிறது. உங்கள் பக்கத்தில் இன்னும் மரம் வெட்டுகிறவர் யாரையாவது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். பூசியது ஒன்று, பூசாதது ஒன்று என்று மரங்களில் கட்டிவிட்டு, மறுநாள் அம்மாவையே உரிக்கச் சொல். பக்கத்தில் நின்று படம் எடு, அவர் சொல்வதை எழுதிக்கொள். எப்படி உரிந்தாலும் கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிடும்.

முடிந்தால் கோலகங்சாருக்கும் ஒரு நடை போய் வா, உனக்குப் பக்கம்தான். 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. பக்கத்துச் சாயோங் கிராமத்தில் லாபு என்ற சுரைக்காய் வடிவத் தண்ணீர்க் கூஜா செய்கிறவர்கள், சூடான பானையை உமியில் புதைத்துக் கறுப்பாக்குவார்கள். லாபு தண்ணீரைக் குளிரவைக்க வேண்டும், அதனால் அதன் மண் கொஞ்சம் கசியலாம். மங்குக்கு அது ஆகாது. எந்த வேலைக்கு எந்த மண், எந்தப் பூச்சு என்று அங்கே கண்ணால் பார்க்கலாம்.

சிரித்தவர்களை விடு. அவர்கள் யாரும் மங்கு துடைத்தவர்கள் இல்லை.

பெட்டியில் கிடப்பவற்றை உங்கள் ஊர் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ ஒருநாள் வை. வெள்ளை மேசை வேண்டாம், ‘தொடாதீர்’ அட்டையும் வேண்டாம். பெரியம்மாக்கள் எடுத்துப் பார்ப்பார்கள், ஆளுக்கொரு குறை சொல்வார்கள், ஒன்றிரண்டு உடையும். உடையட்டும்.

அப்பா சொல்வதிலும் தப்பில்லை. சொந்தமாகச் சூளை வாங்கக் காசு வேண்டும், ஒரே மாதிரி ஆயிரம் சுடுவது எப்படி என்பதைத் தொழிற்சாலையில்தான் கற்க முடியும். போய்ச் சேர்ந்து கற்றுக்கொள். அப்புறம் இன்னொன்று: மண்டபத்தில் யாராவது விலை கேட்டால் வெட்கப்படாமல் ரிங்கிட்டில் சொல். சும்மா கொடுத்தால் சொந்தக்காரர்கள் சாம்பல் தட்டாக்கிவிடுவார்கள்.