ஆளுக்கு இரண்டு கம்பெனி

கேள்வி: அமெரிக்காவில் டெலவேர் என்ற குட்டி மாநிலத்தில் ஜனங்களைவிடக் கம்பெனிகள் அதிகம், வரியே கிடையாது என்று படித்தேன். அங்கே பிறந்தவன் அதிர்ஷ்டசாலிதானே?

பதில்: முதல் பாதி சரி. 2020 கணக்கெடுப்பில் டெலவேரின் மக்கள்தொகை 9,89,948. பதிவான நிறுவனங்களோ இருபது லட்சத்துக்கு மேல். கைக்குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு இரண்டு கம்பெனி! அதற்காக வேலைக்கு மனுப் போட்டுவிடாதீர்கள். வில்மிங்டன் நகரின் வடக்கு ஆரஞ்சுத் தெருவில் 1209-ஆம் எண்ணில் மாடிகூட இல்லாத ஒரு கட்டடம் இருக்கிறது. 2012 வாக்கில் அந்த ஒரே முகவரியில் சுமார் 2,85,000 நிறுவனங்கள் பதிவாகியிருந்தன. அங்கே இருப்பது பெயர் மட்டும். வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாங்கி அனுப்ப ஓர் ஏஜென்ட்.

வரி விஷயத்தில் யாரோ உங்களுக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார்கள். விற்பனை வரி இல்லை, உண்மை. ஆனால் தனிநபர் வருமான வரி 6.6 சதவீதம் வரை உண்டு. மாநிலத்துக்குள் தொழில் செய்து சம்பாதிக்கும் கம்பெனி லாபத்தில் 8.7 சதவீதம் கட்ட வேண்டும். வெளியே சம்பாதித்துக்கொண்டு இங்கே பெயரை மட்டும் மாட்டிவைத்திருப்பவர்களுக்கு அது இல்லை. அவர்களும் வருடா வருடம் ஒரு தொகை கட்டியே ஆக வேண்டும். அரசின் வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பெயர்ப்பலகைக் காசுதான்.

சரி, ஏன் டெலவேர்? ஒரு காலத்தில் கம்பெனிகளுக்குத் தாய்வீடு பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சி. 1913-ல் ஆளுநர் உட்ரோ வில்சன் அங்கே சட்டத்தை இறுக்கினார். 1899-லேயே தளர்வாகச் சட்டம் எழுதிக் கடை விரித்திருந்த டெலவேருக்கு யோகம் அடித்தது. அப்புறம் 1792-ல் தொடங்கிய சான்சரி நீதிமன்றம். ஜூரி கிடையாது, கம்பெனிச் சண்டைகளில் ஊறிய நீதிபதிகளே தீர்ப்பு எழுதுவார்கள். பழைய தீர்ப்புகள் மலையாகக் குவிந்திருப்பதால், வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்று வக்கீல்கள் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பெரிய முதலாளிகள் காசு கொடுப்பது முக்கியமாக இந்த நிம்மதிக்கு.

இதெல்லாம் வடக்கே வில்மிங்டன் பக்கத்துச் சங்கதி. 1981-ல் வட்டி உச்சவரம்பை நீக்கி, கிரெடிட் கார்டு வங்கிகளை இழுத்ததும் அந்தப் பக்கம்தான். தெற்கே சசெக்ஸ் மாவட்டத்துக்குப் போனால் கதை வேறு.

அதிர்ஷ்டம் என்றீர்களே, அது அங்கே அடித்தது சிசில் ஸ்டீல் என்ற பெண்மணிக்கு. 1923-ல் முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டார். தவறுதலாக 500 வந்து இறங்கின. திருப்பி அனுப்பாமல் கொட்டகை போட்டு வளர்த்தார். பிழைத்த 387-ஐ ராத்தல் 62 சென்ட்டுக்குக் கறிக்கு விற்றார். அமெரிக்காவின் பிராய்லர் தொழில் அங்கிருந்துதான் கிளம்பியது என்பார்கள். இன்றைக்கும் சசெக்ஸில் மனிதர்களைவிட அதிகம் இருப்பது கோழி. அதற்காவது வேளாவேளைக்குத் தீனி போட ஆள் வேண்டும்.