பையன் பேண்டுதான்னு அடம் பிடிக்கிறானா? ட்ரெவர் ஹார்ன் கதைய வீட்ல ஒருதடவ பேசுங்க

அக்கா, மெசேஜ் பாத்தேன். பையன் ஏ லெவல் (பிரிட்டன்ல நம்ம பிளஸ் டூ மாதிரி) மேத்ஸ விட்டுட்டு இனிமே பேண்டுதான்னு நிக்கிறான், கம்ப்யூட்டர் பக்கம் போகச் சொல்ற மாமா கோவத்துல கிட்டார தூக்கி கராஜ்ல போட்டுட்டாருன்னு எழுதியிருந்தீங்க. மொதல்ல கிட்டார திருப்பிக் குடுத்துடுங்க. மேத்ஸையும் அவன் விட வேண்டாம். ரெண்டும் ஏன் வேணும்னு நான் சொன்னா கேக்க மாட்டான், ட்ரெவர் ஹார்ன்னு பெரிய பிரிட்டிஷ் மியூசிக் புரொடியூசர் ஒருத்தர், அவர் பேர சொன்னா ஒருவேளை கேப்பான்.

அவர் 1949ல இங்கிலாந்துல டர்ஹம் பக்கம் பொறந்தவர். அப்பா பகல்ல பால் கம்பெனில இன்ஜினியர், ராத்திரில டான்ஸ் பேண்டுல பேஸ்ங்கிற அடிக்குரல் தந்தி வாத்தியம் வாசிப்பாரு. அப்பாவப் பாத்து இவரும் பேஸ் எடுத்தாரு, எழுதி வச்ச மியூசிக் நோட்ஸ் பாத்து வாசிக்கவும் கத்துக்கிட்டாரு. அந்த நோட்ஸ் விஷயம்தான் முக்கியம்க்கா, ஏன்னா லண்டன் வந்தப்புறம் பல வருஷம் சோறு போட்டது அதுதான், பால்ரூம் பேண்டு, டீனா சார்ல்ஸ்னு ஒரு பாடகிக்குப் பின்னாடி பேஸ், இப்படி கெடச்ச வேலையெல்லாம் செஞ்சாரு. அந்த டீனா சார்ல்ஸ் குரூப்லதான் கீபோர்டு ஜெஃப் டவுன்ஸ் பழக்கம், ரெண்டு பேரும் பகிள்ஸ்னு போட்ட 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்' 1979ல பிரிட்டன்ல நம்பர் ஒன். அப்ப ஹார்னுக்கு வயசு 30. இருபதுக்குள்ள பேர் வாங்கலன்னா அவ்ளோதான்னு உங்க பையன் சொல்றான்ல, அவனுக்கு இத சொல்லுங்க.

அடுத்த வருஷமே யெஸ்ங்கிற பெரிய பேண்டுல பாடகரா போனாரு. அங்க அதுவரைக்கும் பாடின ஜான் ஆண்டர்சன் மாதிரி உச்சத்துல பாடுற ஆளோட எடத்துல நின்னு டூர் முழுக்க பாடணும், தொண்டை தாங்கல, ரசிகர்கள் நெறைய பேர் ஏத்துக்கவும் இல்ல. 1981ல பேண்டே கலஞ்சு போச்சு. அப்ப ஹார்னோட மனைவி ஜில் சின்க்ளேர் (மேத்ஸ் டீச்சரா இருந்து ஸ்டூடியோ பிசினஸுக்கு வந்தவங்க, மாமாகிட்ட கண்டிப்பா சொல்லுங்க) மேடையில நீ ரெண்டாந்தரம்தான், புரொடியூசரா வந்தா உன்ன மிஞ்ச ஆள் இல்லன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்களாம். கேட்டுக்கிட்டாரு. 1982ல அவர் புரொடியூஸ் பண்ண ஏபிசி பேண்டோட ஆல்பம் பிரிட்டன்ல நம்பர் ஒன். 1983ல, பாடகரா தடுமாறின அதே யெஸ்ஸுக்கு புரொடியூசரா திரும்பிப் போனாரு, 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' 1984 ஆரம்பத்துல அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆச்சு, அந்த பேண்டுக்கு அங்க அப்படி ஒண்ணு அதுக்கு முன்னாடியும் அமையல பின்னாடியும் அமையல.

மியூசிக் புரொடியூசர்னா பணம் போடுற வேலை இல்லக்கா. எந்தப் பாட்ட எடுக்கணும், எந்த வாத்தியம் எங்க வரணும், பாடகர்கிட்ட எப்படி வேலை வாங்கணும், எல்லாம் புரொடியூசர் தலையில. ஹார்ன் தனியாவும் செய்யல. ஃபேர்லைட்னு ஒரு கம்ப்யூட்டர் சாம்ப்ளர் (எந்தச் சத்தத்தையும் பதிஞ்சு கீபோர்டுல வாசிக்கிற மெஷின்), அப்பல்லாம் கிட்டத்தட்ட ஒரு வீட்டு விலை, அதுல புரோகிராம் பண்ண ஜே.ஜே. ஜெசாலிக், சவுண்டுக்கு கேரி லாங்கன், ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்ல படிச்ச ஆன் டட்லி ஸ்ட்ரிங்ஸுக்கு, அதாவது வயலின் மாதிரி தந்தி வாத்தியங்களுக்கு. ஆன் டட்லி பின்னாடி சினிமா இசைக்கு ஆஸ்கரே வாங்கினாங்க. மாமா சொல்ற கம்ப்யூட்டரும் அந்த ரூம்லயேதான் இருந்துச்சு.

இப்ப நெலம வேற, அதையும் மறைக்கல. பெரிய ஸ்டூடியோக்கள் கொறஞ்சிடுச்சு, லாப்டாப்லயே ஆல்பம் பண்றாங்க, ராயல்டின்னு வர்றது சில சதவீதம், அதுவும் முன்பணம் கழிஞ்சப்புறம்தான். அதனாலதான் படிப்ப விட வேண்டாம்ங்கிறேன். கில்ட்ஃபோர்டுல சர்ரே யூனிவர்சிட்டில டான்மைஸ்டர்னு ஒரு டிகிரி இருக்கு, மியூசிக்கும் சவுண்ட் இன்ஜினியரிங்கும் சேத்து, நடுவுல ஒரு வருஷம் வெளிய வேலை பாத்துட்டு வரலாம். மேத்ஸ விட்டா அந்தக் கதவு மூடிடும், மியூசிக் ஏ லெவலும் பாப்பாங்க, இந்த வருஷ கண்டிஷன அவங்க சைட்லயே பாத்துக்கோங்க.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை குடுங்க. இந்த லீவுல பிரெண்ட்ஸோட வேற பேண்டு ஏதாச்சும் இருந்தா அவங்க ரெண்டு பாட்ட அவன் ரெக்கார்ட் பண்ணி மிக்ஸ் பண்ணட்டும், தான் ஒரு நோட்டு கூட வாசிக்கக் கூடாது. ஒரே வரிய திரும்பத் திரும்ப கேட்டும் ஹெட்போன கழட்டாம உக்காந்திருந்தான்னா ஸ்டூடியோ மிக்ஸிங் டெஸ்க் வேலை அவனுக்கு ஒத்து வரும். ரெண்டு மணி நேரத்துல எழுந்து ஓடினா அவனுக்கு வேண்டியது மேடை, அப்ப பிளான் வேற போடணும். ஃபைல எனக்கு அனுப்பச் சொல்லுங்க. சர்ரே யூனிவர்சிட்டிய சுத்திப் பாக்க விடுற ஓபன் டேக்கு மாமாவையும் கூட்டிட்டுப் போங்க, ஃபீஸ் பத்தி குடைஞ்சு கேக்க அவர விட்டா ஆள் கெடையாது.