மூணு மாசமா இருமல், ஆஸ்மாவா இருக்கலாம் எண்டு பம்ப் தந்திருக்கிறாங்க, எடுக்கலாமா?

முதல்லயே சொல்லிடுறன், நான் டொக்டர் இல்ல, தையல்காரி. திருகோணமலையில கடற்கரைப் பக்கம் வீடு, தாவாரத்தில ரெண்டு மெசின் போட்டு பிளவுசும் ஸ்கூல் யூனிபோமும் தைக்கிறன். நீங்க கேட்டது என்னெண்டா, மூணு மாசமா வறட்டு இருமல், எக்ஸ்ரே கிளியர், டொக்டர் ஆஸ்மாவா இருக்கலாம் எண்டு பம்ப், அதுதான் வாயால இழுக்கிற இன்ஹேலர், எழுதித் தந்திருக்கிறார், ஆனா மூச்சு முட்டவே இல்லையே பிறகெப்பிடி ஆஸ்மா, பம்ப் எடுத்தா சாகுமட்டும் பழகிடுமா எண்டு. இதே கேள்வி 2022 ல எனக்கும் இருந்தது, அதால கொஞ்சம் நீளமா எழுதுறன்.

அந்த வருசம் காஸுக்கு நாடே வரிசையில நிண்டது ஞாபகம் இருக்கும். நாங்களும் வெறும் சிலிண்டர மூலையில தள்ளிப்போட்டு குசினிக்குள்ளயே மூணு கல்லு வச்சு விறகில சமைக்கத் தொடங்கினம். மண்ணெண்ணையும் இல்ல, இவர்ட போட் பாதி நாள் கரையிலதான் கிடந்தது. அதோட கச்சான் காத்தும் வந்து சேந்திச்சு. வெளியூர் ஆக்களுக்கு கச்சான் எண்டா சுருள்ல கட்டி விக்கிற நிலக்கடலை, எங்களுக்கு அது காத்துக்கும் பேர். மழையெல்லாத்தையும் மலைநாட்டுப் பக்கமே கொட்டிப்போட்டு காஞ்சு சூடா வந்து இறங்கும், மத்தியானத்தில வாசல்ல நிண்டா முகத்தில மண் அறையும், தைச்சு மடிச்சு வச்ச வெள்ளை யூனிபோம்ல விரலால கோடு கீறலாம். ஒரு தடிமன் வந்திச்சு, மூக்கு ஒழுகினது ஒரு கிழமையில நிண்டுது, இருமல் மட்டும் நிக்கல்ல.

பாமசியில சிரப் வாங்கினன். பிறகு ஒரு டொக்டர்ட்ட போய் அமொக்ஸிலின், அது முடிய வேறொரு அன்டிபயோட்டிக், கூடவே பிரிட்டன் எண்ட அலர்ஜிக் குளிசை. பிரிட்டன் போட்டா இருமல் குறையுறதில்ல, நித்திரைதான் வரும், மெசின் ஊசி என்ட விரல் நகத்தில ஏறினது அந்தக் கிழமைதான். மாமி வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவிச்சுத் தந்தா, ஆடாதோடை இலையில கசாயம் வச்சுத் தந்தா. கைவைத்தியத்த நான் குறை சொல்ல வரல்ல, சளி இளக்க இங்கிலீசு மருந்துக் கடையில விக்கிற புரோம்ஹெக்சின் எண்ட மருந்தே ஆடாதோடையில இருக்கிற சத்தப் பாத்து உண்டாக்கினதுதான். ஆனா எனக்கு இருந்தது சளி இல்ல. சளி இல்லாத நெஞ்சில எத இளக்கிறது?

மூணு மாச இருமல் எண்டா என்னெண்டு இருமுறவளுக்குத்தான் தெரியும். அப்ப கொரோனாப் பயமும் முழுசாப் போகல்ல, கிண்ணியா பஸ்ஸில ஒருக்கா இருமினா பக்கத்து சீட் காலியாகும். சிரிச்சா இருமல், போன்ல அஞ்சு நிமிசம் கதைச்சா இருமல், கோணேசர் கோயில் ஏத்தத்தில ஏறேக்க இருமல். இன்னொண்டு, இத யாரும் எழுதமாட்டாங்க, நான் எழுதுறன், இருமேக்க சொட்டுச் சொட்டா மூத்திரம் போகும். பிள்ளை பெத்த பொம்பிளையளுக்கு விளங்கும். வெட்கத்தில டொக்டருக்கும் சொல்றதில்ல, துணி வச்சுக்கொண்டு திரியிறது. தயவுசெஞ்சு அதச் சொல்லுங்க, அதுக்கும் பயிற்சி இருக்கு.

காசநோயா எண்டு பயந்து சளி டெஸ்டும் குடுத்தன். நம்ம நாட்டில ரெண்டு கிழமைக்கு மேல இருமல் எண்டா சளி பாக்கச் சொல்றாங்க, அரசாங்க மார்பு கிளினிக்கில காசு இல்லாமப் பாக்கலாம், நீங்க இன்னும் பாக்கல்லயெண்டா முதல் வேலையா அதப் பாருங்க. எனக்கு ஒண்டும் இல்லையெண்டு வந்திச்சு. எக்ஸ்ரேயும் கிளியர். அப்ப எல்லாரும் சொன்னது "மனசிலதான் பிரச்சினை".

கடைசியா ஒரு பொம்பிளை டொக்டர்ட்ட சனல் பண்ணிப் போனம். அவ கொப்பிய மூடி வச்சிட்டு ஒண்டுதான் கேட்டா, "இருமல் எத்தினை மணிக்கு வரும்?" நான் எப்பவும் வரும் எண்டன். பக்கத்தில இருந்த இவர் சொன்னார், "இல்ல மிஸ், நான் கடலுக்குப் போக மூணு மணிக்கு அலாம் வைக்கிறன், அலாம் அடிக்க முந்தி இவ இருமி என்னய எழுப்பிடுவா, அலாம் அடிச்சத நான் கேட்டே கன நாள்." எனக்குச் சிரிப்பு வந்திச்சு, சிரிச்சதும் இருமல். டொக்டர் சிரிக்கல்ல, எழுதத் தொடங்கிட்டா. ஆஸ்மாக்காரருக்கு விடியப்புறம் ஒரு நாலு மணியை அண்டித்தான் மூச்சுக்குழாய் ஆகச் சுருங்கும், அதால இரவிலயும் விடியவும் எழுப்புற வறட்டு இருமல், சிரிச்சா, ஓடினா, புகை பட்டா, குளிர்காத்துப் பட்டா வாற இருமல், இதுகள் சேந்து வந்தா ஆஸ்மாவ நினைக்கவேணும் எண்டா. முட்டு இழுக்கிற சத்தமே இல்லாம இருமல் மட்டும் வாற ஒரு வகை ஆஸ்மா இருக்காம். நான் பாத்த தொய்வுக்காரர் எல்லாம் கட்டில்ல குந்தியிருந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு எடுக்கிறவங்க, என்ட பெரியப்பா அப்பிடித்தான், அதால என்ட மூளைக்கு இது ஏறவே இல்ல.

ஆனா அவவும் "இருக்கலாம்" எண்டுதான் சொன்னா. உங்கட டொக்டர் சொன்ன அதே சொல்லு. அந்தச் சொல்லக் கேட்டு நீங்க கோவிக்கிறீங்க, நானும் கோவிச்சன், தெரியாட்டி ஏன் மருந்து எழுதுறீங்க எண்டு. பிறகுதான் விளங்கிச்சு, இது ரத்தம் எடுத்து ஆம் இல்லை எண்டு சொல்ற வருத்தம் இல்ல. அளந்து பாக்கவேணும், மருந்து குடுத்துப் பாக்கவேணும், ரெண்டும் ஒத்து வந்தாத்தான் பேர் வைக்கலாம்.

அளக்கிறதுக்கு ஸ்பைரோமெட்ரி எண்டு ஒண்டு இருக்கு, மூச்ச முட்ட இழுத்து ஒரே ஊதா ஊதவேணும், பிறகு நீலப் பம்ப் தந்து ஒரு 15 நிமிசம் இருக்க வச்சு திரும்ப ஊதச் சொல்வாங்க. முதல் செக்கன்ல வெளிய வாற காத்து 12 வீதத்துக்கும் 200 மில்லிலீட்டருக்கும் மேல கூடினா ஆஸ்மாவுக்கு நல்ல சாட்சி. ஆனா பகல் பத்து மணிக்கு நல்லா இருக்கிற நேரம் போய் ஊதினா நோர்மல் எண்டும் வரும், எனக்கு வந்திச்சு, அத வச்சு ஆஸ்மா இல்லையெண்டு சொல்லேலாது. அதுக்குத்தான் பீக் புளோ மீட்டர். ஒரு பிளாஸ்டிக் குழல், உள்ள ஒரு முள்ளு, ஊதின வேகத்துக்கு முள்ளு தள்ளுப்படும். விடிய எழும்பின உடன மூணு தரம், பின்னேரம் மூணு தரம், ஆகக் கூடினத மட்டும் எழுதவேணும், ரெண்டு கிழமை. பிளவுஸ் அளவு எழுதுற கொப்பியிலயே எழுதினன், ஒரு பக்கம் மார்பு 36 இடுப்பு 32, மற்றப் பக்கம் விடிய 260 பின்னேரம் 340. நாளுக்கு நாள் அப்பிடித்தான், விடிய விழும், பின்னேரம் ஏறும். கொப்பியப் பாத்த உடன டொக்டர், இந்த இறக்கம்தான் எனக்கு வேணும் எண்டா. (அந்தக் கொப்பியின்ட ஒரு மூலையக் கோட்டை வாசல்ல ஒரு மான் திண்டிட்டுது. கோயிலுக்குப் போகேக்க பையில இருந்து எட்டிப் பாத்துக்கொண்டிருந்தத இழுத்திட்டுது. திருகோணமலை மான்கள் எதையும் விடாது, வந்தீங்கெண்டா பையப் பத்திரமா வச்சுக்கொள்ளுங்க.)

இப்ப பம்புக்கு வாறன். ரெண்டு பம்ப் இருக்கு, குழப்பாதீங்க. நீலம் சல்பியூட்டமோல், இறுகின குழாய உடன இளக்கும், நாலஞ்சு மணித்தியாலம் நிக்கும், அவ்வளவுதான். எனக்குத் தந்த மற்றது பழுப்பு, பெக்லோமெத்தசோன், குழாய்க்குள்ள இருக்கிற வீக்கத்தக் குறைக்கிறது. அது ஸ்டெரொய்ட்தான், ஒளிக்க ஒண்டுமில்ல. ஆனா ஒரு அமத்தில வாறது 100 மைக்ரோகிராம் அளவு, பிரட்னிசலோன் குளிசை ஒண்டு 5 மில்லிகிராம் எண்டா அது 5000 மைக்ரோகிராம். பம்புக்குப் பயந்து ஒவ்வொரு தடவையும் ஊசியும் குளிசையுமாப் போறவங்க எந்தப் பக்கம் கூட ஸ்டெரொய்ட் எடுக்கிறாங்க எண்டு நீங்களே பாருங்க. பழகிறதெண்டு ஒண்டு இல்ல, விட்டா வருத்தம் திரும்ப வருமே தவிர மருந்து ஆளப் பிடிச்சு வைக்காது. நீலத்த மட்டும் வச்சுச் சமாளிக்கிறதுதான் பிழை, ஆஸ்மாவுக்கு உலகம் முழுக்க டொக்டர்மார் பாவிக்கிற ஜினா எண்ட வழிகாட்டியில 2019 லயே நீலத்த மட்டும் தனியக் குடுக்கவேண்டாம் எண்டு மாத்திட்டாங்க. கையில நீலம் மட்டும் இருக்கெண்டா டொக்டர்ட்டக் கேளுங்க.

நான் முதல் மூணு கிழமை எடுத்தும் ஒரு மாற்றமும் இல்ல. கிளினிக் நேர்ஸ் மிஸ் "எடுத்துக் காட்டுங்க" எண்டா. காட்டினன். அமத்தினன், மருந்தெல்லாம் வாய்க்குள்ள நாக்கில அடிச்சு பாதி மூக்கால புகையா வந்திச்சு, மிஸ் சிரிச்சிட்டா. குலுக்கி, மூச்ச முழுக்க வெளிய விட்டு, வாய இறுக்கி மூடி, மெதுவா இழுக்கத் தொடங்கேக்க அமத்தி, பத்து எண்ணுமட்டும் மூச்சப் பிடிச்சு வைக்கவேணும். அதுக்கும் கை ஒத்து வரல்லயெண்டா ஸ்பேசர். அப்ப ஸ்பேசர் கிடைக்கல்ல, மருந்துக்கே தட்டுப்பாடு, 500 மில்லி தண்ணிப் போத்தல்ட அடியில பம்ப் வாய் அளவுக்கு ஓட்டை போட்டுத் தந்தா, அதிலதான் ரெண்டு மாசம் ஓடினது. எடுத்து முடிய வாய் கொப்பளிச்சுத் துப்புங்க, இல்லாட்டி நாக்கில வெள்ளை படியும், தொண்டை கம்மும், எனக்குக் கம்மினது. சரியா எடுக்கத் தொடங்கி மூணாங் கிழமைதான் ஒரு நாள் இவர் அலாம் அடிச்சு எழும்பினார். முழுசா அடங்க ரெண்டு மாசம் எடுத்தது. விடிய 370 எண்டு எழுதின பக்கம் இன்னும் இருக்கு.

அதால எடுங்க, சரியா எடுங்க, ஆறு எட்டுக் கிழமை பாருங்க. அதுக்கும் அசையல்லயெண்டா பம்ப எறிஞ்சிட்டு இருக்காம திரும்பப் போய் வேற என்ன எண்டு கேளுங்க, ஏனெண்டா இருமல் எல்லாம் ஆஸ்மா இல்ல. என்ட மாமிக்கு ஒரு வருசம் இருமல், கடைசியில பாத்தா பிரசருக்குத் தந்த எனலாபிரில் குளிசை, லொசார்டனுக்கு மாத்தின கையோட மெல்ல மெல்ல நிண்டுது. சாப்பிட்ட உடன படுத்தா நெஞ்செரிவோட வாற இருமல் வேற, மூக்குச்சளி பின்பக்கமா தொண்டைக்குள்ள இறங்கி வாற இருமல் வேற. ரத்தம் கண்டா, காய்ச்சலும் இரவு வேர்வையும் மெலிவும் இருந்தா காத்திருக்கவேண்டாம். ஒரு வசனம் முழுசாச் சொல்லி முடிக்கேலாம மூச்சு வாங்கினா, உதடு நீலம் பாஞ்சா 1990 க்கு அடியுங்க, அம்புலன்ஸ் காசு கேக்கிறதில்ல.

வீட்டில மாத்தினதச் சொல்றன், சண்டை பிடிச்சு மாத்தினது. விறகடுப்பு வெளிய போச்சு, காஸ் வந்த பிறகும் சோத்துக்கு விறகுதான் ருசி எண்டு மாமி நிண்டா, சரி முத்தத்தில வையுங்க எண்டன். நுளம்புத்திரி நிப்பாட்டி வலை கட்டினம், ஒரு திரி எரிஞ்சு முடிய வாற நுண்தூசி 75 சிகரெட்டுக்கும் மேல எண்டு வாசிச்ச நாளோட இவரும் வாய் திறக்கல்ல. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிதான் பெரிய யுத்தம், இப்ப வாசல்ல காட்டிட்டு உள்ள கொண்டு வாறதில்ல. துணி வெட்டேக்க மாஸ்க். கச்சான் காத்த என்ன செய்யிறது, அதோட சண்டை பிடிக்கேலாது, கதவ சாத்திட்டு வேர்க்க வேர்க்கத் தைக்கிறது.

மாமி இன்னும் வெளியில "அலர்ஜி" எண்டுதான் சொல்றா, வீட்டில கட்டிக்குடுக்க ஒரு குமர் இருக்கு, தொய்வுக் குடும்பம் எண்டு பேர் வந்திடுமாம். ஆஸ்மா எண்டு சொன்னா வாயடைக்கிற ஆக்கள் அலர்ஜி எண்டா ஆளுக்கொரு மருந்து சொல்றாங்க, அதுதான் எனக்குக் கோவம்.

இவ்வளவு எழுதுற நானே ஒழுங்கில்ல. இருமல் இல்லாத நேரம் பம்ப் எடுக்கிறதுதான் இந்த வருத்தத்தில ஆகக் கஷ்டமான வேலை, வருத்தமே இல்லையே எண்டு கை போகாது. இந்த முறை ஸ்கூல் யூனிபோம் ஓடர் குவிஞ்ச நேரம் பத்துப் பன்ரெண்டு நாள் எடுக்கல்ல. நேத்து இரவு ரெண்டு தரம் இருமி எழும்பினன், இவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு "கொப்பிய எடு" எண்டார். விடிய 290. பம்பத் திரும்ப மெசின் லாச்சிக்குள்ள நூல் கட்டையோட வச்சிருக்கிறன், வெள்ளை நூல் எடுக்கேக்கயெல்லாம் கையில படும்.