வெளிநாட்டுக் காசு வராவிட்டால் சபை சும்மா இருக்க வேண்டுமா?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தில் வவுணதீவுப் பக்கம் ஒரு கிராமத்தில் சிறிய சபையொன்றின் போதகராக இருக்கிறேன். முப்பது குடும்பம்கூட இல்லை. ஊரில் பெரும்பாலானவர்கள் சைவர்கள். பெண்கள் நுண்கடனில் மாட்டித் தவிக்கிறார்கள். இளைஞர்கள் கொழும்புக்கோ கட்டாருக்கோ போகத்தான் பார்க்கிறார்கள். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று சபையில் எல்லாருக்கும் ஆசை. சில நிறுவனங்களுக்குத் திட்ட முன்மொழிவு எழுதி அனுப்பினோம், பதில் இல்லை. எங்களிடம் இருப்பதை வைத்துக்கொண்டே ஏதாவது செய்யலாமா? எங்கே தொடங்குவது? கோயில்காரர் தப்பாக நினைக்க மாட்டார்களா?

பதில்: செய்யலாம் போதகர் ஐயா. முதல் வேலையாக, அந்த முன்மொழிவை ஒரு வருடத்துக்கு மூடி வையுங்கள்.

காரணம் இருக்கிறது. முன்மொழிவு எழுத உட்காருகிறவர் ஊரின் குறைகளைத் தேடித் தேடி எழுதுகிறார். ஊர் எவ்வளவு மோசமாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்குக் காசு கிடைக்கும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரம் முழுக்க இதுதான் நடந்தது. படிவங்களோடு வந்தவர்கள் என்ன இழந்தீர்கள், என்ன இல்லை என்று கேட்டார்கள். உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கடலுக்கே போகாதவர்களுக்கும் வள்ளம் கிடைத்த கதைகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். இன்றைக்கும் கொப்பியோடு ஒரு வீட்டுக்குள் போனால், "என்ன தரப்போறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. மக்களைக் குறை சொல்ல முடியாது. அப்படிக் கேட்கப் பழக்கியதே வெளியிலிருந்து வந்த நாங்கள்தானே.

அமெரிக்காவின் ஜோன் மெக்நைட், ஜோன் கிரெட்ஸ்மன் என்ற இருவர் இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டுமென்று 1993 இல் எழுதினார்கள். ஒரு ஊரில் என்ன இல்லை என்று பார்ப்பதை விட்டு, அங்குள்ள ஆட்களின் திறமை, சங்கங்கள், நிலம், கட்டிடம் இவற்றிலிருந்து வேலையைத் தொடங்கச் சொன்னார்கள். உங்கள் சபையாருக்கு இதை விளங்கப்படுத்த அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தைத் திறவுங்கள். கடன்காரன் தன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்திருக்கிறான் என்று ஒரு விதவை அழுகிறாள். எலிசா அவளிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய் மட்டும்தான். பிரசங்கத்தில் நாம் வேகமாகக் கடந்துபோகும் இடம் அதற்கு அடுத்தது: அயல்வீடுகளில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார். பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெயும் நின்றுவிடுகிறது. அதாவது அயலாரின் வெறும் பாத்திரமும் அந்த ஊரின் வளம்தான். நுண்கடன் வசூலிக்க ஆள் வரும் ஒரு கிராமத்தில் இதைப் பிரசங்கித்துப் பாருங்கள், கேட்கிறவர்களுக்கு உடனே பிடிபடும்.

சரி, வீடு வீடாகப் போகும் வேலைக்கு வருவோம். சபையில் இருவர் இருவராக, முடிந்தால் ஒருவர் பெண்ணாக, போங்கள். படிவம் வேண்டாம், திரும்பி வந்து எழுதிக்கொள்ளலாம். "உங்களுக்கு என்ன தொழில் தெரியும்?" என்று கேட்கவே கூடாது. "ஒண்டும் தெரியா மனே, நான் வீட்டிலதான் இரிக்கன்" என்றுதான் பதில் வரும். அப்படிச் சொன்ன ஒரு அம்மாவை, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பார்த்தேன். அவர் எங்களை உட்காரச் சொல்லி விரித்த பன்பாய் அவரே இழைத்தது. குளத்தோரம் வளரும் பன் புல்லை வெட்டி, காயவைத்து, பானையில் சாயம் கொதிக்கவைத்து, சிவப்பும் பச்சையும் மாறி மாறி வரும்படி இழைத்திருந்தார். ஓரத்தை மடித்து முடித்திருந்த விதத்தில் ஓர் இழைகூடப் பிரியவில்லை. இதைத் தொழில் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். ஊரில் கலியாணவீடு, செத்தவீடு என்றால் உங்களை எதற்குக் கூப்பிடுவார்கள்? உங்கள் வீட்டில் செய்ததை அயலில் யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போவார்களா? யாருக்காவது எதையாவது பழக்கியிருக்கிறீர்களா? இப்படிக் கேட்டால்தான் நூறு பேருக்கு அளவு பிசகாமல் சமைக்கிறவர், பிரசவித்த தாய்க்குப் பத்தியம் பார்க்கிறவர், எருமைப்பாலைச் சட்டியில் உறையவைத்துத் தயிர் போடுகிறவர், இறந்தவர் வீட்டில் கணக்குப் பிசகாமல் காசு சேர்க்கிறவர் எல்லாரும் வெளியே வருவார்கள்.

இரண்டு வகை ஆட்களை நம் ஊர்களில் அநேகமாகத் தவறவிடுகிறோம். ஒன்று, மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய பெண்கள். வருடக்கணக்கில் முதியவர்களைப் பராமரித்தவர்கள், பெரிய வீடொன்றின் சமையலறையைத் தனியாக நடத்தியவர்கள், அரபு பேசுகிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அனுப்பிய காசைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு, அங்கே பழகிய வேலையைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். மற்றது, சான்றிதழ் இல்லாத மேசன், ஓடாவி (தச்சர்), இரும்பு ஒட்டு வேலைக்காரர். இவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: அனுபவத்தால் கற்ற தொழிலையே பரிசோதித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருகிறார்கள், மறுபடி வகுப்புக்குப் போகத் தேவையில்லை. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்தில் "முன்கற்றலை அங்கீகரித்தல்" என்று கேட்டால் விபரம் சொல்வார்கள். வெளிநாடு போக நினைக்கும் இளைஞருக்கும் இது உதவும். கூலியாளாகப் போவதற்கும் சான்றிதழோடு போவதற்கும் சம்பளத்தில் வித்தியாசம் இருக்கிறது. விண்ணப்பப் படிவம் நிரப்பவும், செய்த வேலைகளின் படங்களை ஒழுங்குபடுத்தவும் உங்கள் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர் ஒருவர் போதும்.

அப்புறம், காசு ஊருக்குள் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று பாருங்கள். பொத்தல் வாளியில் தண்ணீர் அள்ளுகிற கதைதான் நம் பல ஊர்களில். ஒரு மாலை பெண்களைக் கூட்டி, கடையில் வாங்கும் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். 120 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் பிஸ்கட், பக்கெட் தீன், சோடா என்று ஒரு வீடு நாளைக்கு 150 ரூபாய் செலவழித்தால், நாளைக்கு 18,000, மாதத்துக்கு 5,40,000 ரூபாய் ஊரை விட்டு வெளியே போகிறது. உங்கள் ஊரின் உண்மைக் கணக்கை அவர்களே போடட்டும். அதில் ஒரு பங்கையாவது அவித்த கச்சான், கௌபி, கொழுக்கட்டை என்று ஊருக்குள் நிறுத்த முடியுமா என்ற பேச்சு தானாகவே வரும். விற்கத் தொடங்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலிலேயே கூப்பிட்டுச் சமைக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை நெல்லில் இருக்கிறது. மாரியை நம்பிச் செய்யும் பெரும்போக அறுவடை முடிந்ததும் கடன்காரர் வாசலில் நிற்பார். நெல்லை வயலில் வைத்தே, ஈரத்தோடு, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு மாரியில் அதே குடும்பம் கடையில் அரிசி வாங்குகிறது. நெல் விளைவிக்கிறவன் வீட்டில் அரிசிக்குக் கடன் என்பதை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன். இங்கே உங்கள் சபை மண்டபம் உதவும். விருப்பமுள்ள குடும்பங்கள் தங்கள் சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டு மூன்று மூடையைப் பொதுவாகச் சேமிக்கலாம். ஈரப்பதம் நூற்றுக்கு 14க்கு மேல் போகாமல் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மூடைகளை வெறும் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள். பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். எலி நுழையும் ஓட்டைகளை அடைக்க உங்கள் மேசனே போதும். ஒவ்வொரு மூடையிலும் வீட்டுப் பெயர், கொப்பியில் கையெழுத்து. முதல் வருடம் விற்பனை வேண்டாம், சாப்பாட்டு நெல் மட்டும். வியாபாரம் தொடங்கினால் விலையைப் பற்றிச் சண்டை வரும், அதைத் தாங்கும் பலம் புதிய குழுவுக்கு இருக்காது.

கடன் விஷயத்தில் கவனமாக இருங்கள். சபை காசு கொடுத்து ஒருவரின் கடனை அடைக்கத் தொடங்கினால், ஒரு மாதத்தில் வாசலில் வரிசை நிற்கும், கோபமும் வரும். அதைவிட, ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் அல்லது ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, விரும்பும் பெண்களோடு தனித்தனியாக உட்காரச் சொல்லுங்கள். எத்தனை கடன், யாரிடம், மிச்சம் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு கட்டுகிறார் என்று ஒரே தாளில் எழுதட்டும். தன் கடன் முழுவதையும் ஒரே இடத்தில் ஒருநாளும் பார்க்காத பெண்கள் பலர். எதை முதலில் கட்டி முடிப்பது என்று அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும்.

கூடவே ஒரு சேமிப்புக் குழு. நைஜர் நாட்டில் 1991 இல் கிராமத்துப் பெண்களோடு தொடங்கிய முறை இது. சீட்டுப் பழகிய நம் பெண்களுக்கு விளங்கப்படுத்த அதிக நேரம் எடுக்காது. 15 முதல் 25 பேர், கிழமைக்கு ஒரு கூட்டம், எல்லார் முன்னாலும் காசை எண்ணிப் பெட்டியில் போடுவது. பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று வீட்டில், பெட்டி நான்காவது வீட்டில். சேர்ந்த காசிலிருந்து சிறு கடன் எடுக்கலாம். வட்டி குழுவுக்கே திரும்பும். வருட முடிவில் அவரவர் சேமிப்பின்படி பிரித்துக்கொள்வார்கள். பிரிக்கும் மாதத்தை ஒக்டோபருக்கு முன் வையுங்கள், பெரும்போக விதைப்புக்குக் காசு தேவைப்படும் நேரம் அது. முதல் வருடம் வெளிக்கடன் அடைக்க இந்தப் பெட்டியிலிருந்து கடன் கொடுக்கக் கூடாது என்று விதி போடுங்கள். நீங்களோ உங்கள் மனைவியோ சாவி வைத்திருக்கவே கூடாது. உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை ஐயா. போதகர் இடமாற்றமாகிப் போகும் நாளில் குழு கலைந்துவிடக் கூடாது.

கோயில்காரரைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. உதவி கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு நம் மாவட்டத்தில் பல இடங்களில் இருக்கிறது, சில இடங்களில் அதற்குக் காரணமும் இருந்தது. வேலை தொடங்கிய பிறகு விளக்கம் சொல்லப் போகாதீர்கள். தொடங்கும் முன்பே கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கரையும் கிராம உத்தியோகத்தரையும் அவர்கள் வீட்டில் போய்ச் சந்தியுங்கள். உங்கள் எண்ணத்தைச் சொல்லிவிட்டு, ஊருக்கு எது முதலில் தேவை என்று அவர்களிடமே கேளுங்கள். கூட்டங்களைப் பாடசாலையிலோ பல்தேவைக் கட்டிடத்திலோ வையுங்கள். கூட்டத்தில் ஜெபம் வேண்டாம். உங்கள் ஜெபத்தை முதல்நாள் இரவு சபையில் முடித்துக்கொள்ளுங்கள். சேமிப்புக் குழுவுக்கோ நெல்லுக்கோ சபைக்கு வருவதை ஒருநாளும் நிபந்தனையாக்காதீர்கள். புதிய சங்கம் ஒன்றைப் பதியவும் வேண்டாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் தூங்கிக்கொண்டிருந்தால் அதை எழுப்புங்கள். சபைப் பெண்கள் அதில் உறுப்பினராகச் சேரட்டும், தலைவர் யாரென்று ஊர் தீர்மானிக்கட்டும்.

அப்படியானால் சபையின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். கிழமையில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கும் மண்டபம், கதிரைகள், ஒலிபெருக்கி, கிணறு, பெரிய சமையல் பாத்திரங்கள், சொன்ன நேரத்துக்கு வரும் இருபது ஆட்கள். கடைசியாகச் சொன்னதுதான் ஊரில் அரிது.

முதல் வேலை சிறியதாக, ஒரு மாதத்துக்குள் முடிவதாக, வெளிக்காசு ஒரு ரூபாயும் வேண்டாததாக இருக்கட்டும். மாரிக்கு முன் வடிகானைத் துப்புரவாக்கும் சிரமதானம் போதும், அல்லது பொதுக்கிணறு இறைப்பது. வீடு வீடாகப் போகும் வேலையைப் பெரும்போக அறுவடை முடிந்த பிறகு, பங்குனி சித்திரையில் வையுங்கள். ஆட்கள் வீட்டிலிருக்கும் காலம் அது. விதைப்புக் காலத்தில் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

ஒரு வருடம் இப்படி ஓடினால், பதில் போடாத நிறுவனங்களில் ஒன்று தானாகவே வந்து பார்க்கக் கூடும். வரட்டும். அப்போதும் ஊரால் செய்ய முடியாத ஒரு துண்டை மட்டும் கேளுங்கள்: நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் கருவி, தராசு, பன்பாய்க்குக் கொழும்பில் வாங்குகிறவரின் தொடர்பு, அவ்வளவுதான். ஊர் போட்ட பலகை, உழைப்பு நாட்கள், இடம் எல்லாவற்றையும் விலை போட்டு முதல் பக்கத்தில் எழுதுங்கள். பெயர்ப்பலகை வைக்க வேண்டுமென்று அவர்கள் கேட்டால், மாதர் சங்கத்தின் பெயரையும் அதே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள்.